கொழும்பு ரத்தமும் மலை ரத்தமும்

சண்முகவடிவு சத்தம் போடத் தொடங்கினால் மேல் டிவிசனில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். கங்காணி மூக்கன்கூடத் தலைப்பாகையை அவிழ்த்து உதறிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பான். அவளுடைய புருஷன் செல்லசாமி தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுகிற சாக்கில் வடிகால் கான் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வான். "அவ கோவக்காரி" என்று தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கோபம் அவளுக்குப் பிறவிக் குணம் என்றே பலரும் நினைத்தார்கள். அது பிறவிக் குணமல்ல. அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் அவள் கதை விளங்கும்.

பட்டிப்பொல ஸ்டேசனில் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் மேலே ஏறினால் கூதமலைத் தோட்டம். அதிலும் மேல் டிவிசன் என்பது மேகத்துக்குள் கட்டிய ஊர் மாதிரி. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கூடுகிறபோது பக்கத்தில் நிற்பவள் முகம் தெரியாது, இருமல் மட்டும் கேட்கும். கீழ் நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் லயத்துப் படியில் ஏறி முடிப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த சண்முகவடிவுக்கும் அவள் தங்கை மீனம்மாவுக்கும் அது வேடிக்கையாக இருக்கும். சிறு பிள்ளைகளாக இருந்தபோது அப்படி நின்று மூச்சு வாங்குகிறவர்களைப் பார்த்து, தேயிலைச் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரிப்பார்கள்.

அந்த மீனம்மாவுக்குத்தான் ஒரு மழைக்காலத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது.

அவளுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வேலை செய்த மாயாண்டியைக் கட்டி, அதே லயத்தில் நாலு அறை தள்ளி ஒரு காம்பராவில் குடித்தனம் வைத்திருந்தாள். முன்பெல்லாம் அக்காவை முந்திக்கொண்டு தேயிலை வரிசையான நிறையில் போகிறவள். இப்போது பாதி மலையிலேயே கூடையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். நகங்கள் வெளுத்து, நடுவில் குழிந்தன. அடுப்பு மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வதைச் சண்முகவடிவு ஒரு நாள் பார்த்துவிட்டாள்.

"என்னாடி இது, மண்ணைத் திங்கிற?"

"வாய் கேக்குதுக்கா. என்னான்னு தெரியல. மண்ணு வாசம் வந்தா இருக்க முடியல."

"மருந்துக் காம்பராவுக்குப் போவோம், வா."

தோட்டத்து மருந்துக் காம்பராவில் மயில்வாகனம் என்கிற டிஸ்பென்சர் இருந்தார், லயத்துக்காரர்களுக்கு அவர்தான் டாக்டரையா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை உடுப்பு, கண்ணாடி, பேச்சில் ஒரு விறைப்பு. மனுஷர் கெட்டவரல்ல. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் மழையென்றும் பாராமல் லயத்துக்கு வருவார். ஆனால் அச்சில் வந்தது எதுவோ அதுதான் அவருக்கு வேதம். சுவரில் ஓர் அட்டை மாட்டியிருந்தார். வெளிர் சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை பட்டை பட்டையாக நிறங்கள், பக்கத்தில் எண்கள். விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மை ஒற்றுகிற தாள் போன்ற துண்டில் எடுத்து, அந்த நிறங்களோடு வைத்துப் பார்ப்பார். எண்பது என்ற இடத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே போனால் ரத்தம் குறைவு. கோட்டிலோ மேலேயோ இருந்தால் வருத்தமில்லை, அதாவது நோயில்லை.

மீனம்மாவின் ரத்தத்தை வைத்துப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே பகலா மாலையா என்று தெரியாத மங்கல்.

"எண்பது," என்றார். "ரத்தம் வடிவா இருக்குது, பிள்ளை. ஒரு வருத்தமும் இல்லை."

"மூச்சு முட்டுதுங்கய்யா. மலையில ஏற முடியல," என்றாள் மீனம்மா.

"ரத்தம் போதுமெண்டு காட்டுது. பிறகேன் முட்டுது? தண்ணிமருந்து தாறன், குடி."

"லேசு வேலைக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்கய்யா," என்று சண்முகவடிவு கேட்டாள். "பிள்ளைக்காம்பராவுல பிள்ளைகளைப் பாத்துக்குவா. கொஞ்ச நாளைக்குத்தான்."

"கோட்டுக்குக் கீழை இருந்தால்தான் எழுதலாம். நான் நினைச்சபடி எழுதினால் துரை என்னைத்தான் கேப்பார்."

மறுநாள் காலையில் பெரட்டுக் களத்திலேயே செய்தி பரவிவிட்டது. மூக்கன் கங்காணி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "டாக்டரையா பாத்துட்டாரு. நல்ல ரத்தமாம். இதுக்குப் பேரு கள்ள வருத்தம். ஏறு மலைக்கு!"

மீனம்மா ஏறினாள். கள்ள வருத்தக்காரி என்ற பேர் அன்றே அவள்மேல் ஒட்டிக்கொண்டது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவள் கூடை எப்போதும் கடைசியாக வரும், வந்தாலும் பாதிக்கூடைதான். அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம்தான் கொடுத்தார்கள். மாயாண்டி முதலில் பரிவாகத்தான் இருந்தான். நாளாக நாளாக அவனும் முகத்தைத் திருப்பினான். டாக்டரே சொன்ன பிறகு பெண்சாதி சொல்வதை எப்படி நம்புவது? செல்லசாமிகூட, "டாக்டரையா படிச்சவரு. அவரு சொன்னா சரியாத்தானே இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, சண்முகவடிவு பார்த்த பார்வையில் குடித்துக்கொண்டிருந்த சாயத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான்.

அந்த நிலைமையில்தான் மீனம்மா கர்ப்பமானாள். கால் வீங்கியது. கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. சண்முகவடிவு மறுபடி அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். இந்த முறை மயில்வாகனம் விரலைக்கூடக் குத்தவில்லை.

"முந்தியே பாத்தனான் எல்லோ? எண்பது. பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கிறது வழமை."

"இன்னொருக்கா பாருங்கய்யா. ஒரு சொட்டுத்தானே?"

"வெளியிலை ஆக்கள் நிக்கினம். போ பிள்ளை."

மீனம்மாவுக்கு வலி எடுத்தது ஒரு மத்தியானம். பெண் குழந்தை நன்றாகத்தான் பிறந்தது, நன்றாகத்தான் அழுதது. தோட்டத்து மருத்துவச்சி, எல்லோருக்கும் போகிற அளவு ரத்தம்தான் போயிருக்கிறது என்றாள். அந்த அளவு ரத்தத்தை மற்ற பெண்கள் தாங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து பிரசவ மருந்தான காயத்தண்ணி குடிப்பார்கள். மீனம்மாவிடம் தாங்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. உதடு சாம்பல் நிறமாகியது. கொழுந்து லொறியில் படங்குத் துணியை விரித்துப் படுக்க வைத்து, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மலையிலிருந்து இறக்கினார்கள். சண்முகவடிவு தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் நடிக்கலக்கா," என்றாள் மீனம்மா.

"தெரியும்டி. பேசாத."

"அவருகிட்ட சொல்லு. நான் நடிக்கல."

டவுன் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. வழியிலேயே லொறியைத் திருப்பினார்கள்.

அடக்கம் முடிந்ததும் சண்முகவடிவு நேராக மருந்துக் காம்பராவுக்குப் போனாள். ஈரச் சேலையோடு வாசலில் நின்றாள்.

"எந் தங்கச்சி செத்துப்போச்சுங்கய்யா. நல்ல ரத்தத்தோட செத்துப்போச்சு."

மயில்வாகனம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேள்விப்பட்டனான். ரத்தம் சரியாய்த்தான் இருந்தது. இதுக்கு ஆர் என்ன செய்யிறது? விதி."

"விதியா?" என்றாள். மேசைமேல் வரிசையாக நின்ற தண்ணிமருந்துப் போத்தல்களை ஒரே கையால் வழித்துத் தள்ளினாள். சிமெந்துத் தரையில் எல்லாம் நொறுங்கியது. அதற்காக அவளை வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள். செல்லசாமி, தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களா வாசலில் போய் நின்று கும்பிட்டுத்தான் மறுபடி பேர் பதிய வைத்தான். அவன் கும்பிட்டது தெரிந்ததும் அவளுக்கு அவன்மேலும் கோபம் வந்தது.

மாயாண்டி குழந்தையைக் கண்ணெடுத்துப் பார்க்காமல் ராகலைப் பக்கம் ஏதோ தோட்டத்துக்குப் போய்விட்டான். குழந்தையைச் சண்முகவடிவு தூக்கிக்கொண்டாள். நாகலெட்சுமி என்று பேர் வைத்தாள். தனக்குப் பிள்ளை இல்லாத குறை தீர்ந்தது என்று லயத்தில் யாரோ சொல்லப்போக, அவர்களோடும் சண்டைக்குப் போனாள். தங்கை செத்துத்தான் தனக்குப் பிள்ளை வர வேண்டுமா?

இப்படித்தான் அவள் கோபக்காரி ஆனாள். யார்மேல் கோபம் என்று கேட்டால் அவளால் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. டிஸ்பென்சர் விரலைக் குத்திப் பார்த்துத்தான் சொன்னார். அட்டை அச்சடித்த அட்டை. தங்கை பொய் சொல்லவில்லை, அட்டையும் பொய் சொல்லவில்லை என்றால் பிறகு யார்தான் பொய்? விடை கிடைக்காத அந்தக் கேள்வி நெஞ்சுக்குள் கிடந்து புளித்தது. கங்காணி ஒரு வார்த்தை கூடப் பேசினால் கத்தினாள். அரிசி நனைந்திருந்தால் கத்தினாள். பனி அதிகமாக இருந்தால் பனியைத் திட்டினாள்.

நாகலெட்சுமி ஓடியாடுகிற வயதுக்கு வந்தபோது சண்முகவடிவுக்கே மூச்சு வாங்கத் தொடங்கியது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? கோடு எண்பதில்தானே இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் டவுன் ஆஸ்பத்திரிக்குப் பரிமளம் என்று ஒரு லேடி டாக்டர் மாற்றலாகி வந்தார். தோட்டங்களில் கொக்கிப் புழு அதிகம் என்று அரசாங்கத்தில் பேச்சு அடிபட்டு, டாக்டர்மார் மாதத்துக்கொருமுறை தோட்டங்களுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது. பருத்தித்துறைப் பக்கம், கடலைப் பார்த்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். கூதமலைக்கு முதல் முறை வந்தபோது மருந்துக் காம்பராப் படியில் பாதியில் நின்று, நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். "என்னாலை ஏலாது. கொஞ்சம் பொறுங்கோ," என்றார். சிறு வயதில் மீனம்மாவோடு ஒளிந்து நின்று சிரித்தது ஞாபகம் வந்து, சண்முகவடிவுக்கு அழுகை முட்டியது. அதை மறைக்கப் பக்கத்தில் நின்றவளைத் திட்டினாள்.

டாக்டர் சில மாதங்கள் வந்து போனார். பிறகு ஒரு நாள், வரிசையில் நின்ற சண்முகவடிவின் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"உமக்கு மூச்சு வாங்குதோ?"

"இல்லீங்க."

"பொய் சொல்லாதையும். மண் தின்ன வேணும் போலை இருக்குதோ?"

சண்முகவடிவு கையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அதுவே பதிலாயிற்று.

"ரத்தம் குறைவு," என்றார் டாக்டர்.

மயில்வாகனம் அட்டையைக் காட்டினார். "போன கிழமைதான் எல்லாருக்கும் பாத்தனான். இவவுக்கு எண்பது. கோட்டிலை சரியா நிக்குது."

"எண்பது எண்டால் ஆருக்குச் சரி, மயில்வாகனம்?"

"எல்லாருக்கும்தானே?"

"இந்தக் கணக்கைக் கீழை, கடல் மட்டத்திலை இருக்கிற ஆக்களை வைச்சுத்தான் போட்டவை." டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் இங்கை வந்த புதிசிலை படி ஏற ஏலாமல் நிண்டது உமக்குத் தெரியும்தானே? அப்ப ஒரு ஆசைக்கு என்ரை ரத்தத்தைப் பாத்தனான். டவுனும் உயரத்திலைதானே, சில மாசமாய் அங்கை இருந்து பழகி இப்ப ஏறுறன், மூச்சு வாங்குதில்லை. திருப்பிப் பாத்தனான். சிவப்பு கூடியிருக்குது. நான் சாப்பிட்டது அதே சாப்பாடுதான். மலைதான் கூட்டினது. மேலை வர வரக் காத்து மெலிசு. மெலிசான காத்திலையிருந்து உயிரை இழுத்துப் பிடிக்க ரத்தத்திலை சிவப்புக் கூடுதலாய் வேணும். கொழும்பிலை ஒருத்திக்கு எண்பது எண்டால் மட்டுமட்டாய்த் தப்பலாம். இந்த உயரத்திலை இருக்கிறவைக்கு எண்பது காணாது. இது நான் கண்டுபிடிச்ச புதினமில்லை, படிச்சதுதான். படிச்சதை என்ரை உடம்பிலை பாத்தன், அவ்வளவுதான். அதோடை இந்த இருட்டு அறைக்குள்ளை எந்த ரத்தத்தைப் பாத்தாலும் ஒரு பட்டை கருப்பாய்த்தான் தெரியும். இவவுக்கு எண்பதே இராது."

மயில்வாகனம் அட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

சண்முகவடிவு டாக்டர் பேசியதை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். யாழ்ப்பாணப் பேச்சு சில இடங்களில் விளங்கவில்லை. விளங்க வேண்டியது விளங்கிவிட்டது. மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப எந் தங்கச்சிக்கு?"

"ஆர்?"

சொன்னாள். எண்பது என்றது, கள்ள வருத்தம் என்றது, கால் வீங்கியது, இரண்டாம் முறை விரலைக் குத்தாமல் அனுப்பியது, லொறி, எல்லாம் சொன்னாள். டாக்டர் மயில்வாகனத்தைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாக்காத ஆளைப்பற்றி நான் சத்தியம் பண்ண ஏலாது," என்றார் டாக்டர். "ஆனால் நீர் சொல்லுறதைக் கேட்டால், அந்தப் பிள்ளைக்கு ரத்தம் காணாமல்தான் இருந்திருக்கும். முந்தியே மருந்து குடுத்திருந்தால்..." முடிக்காமல் நிறுத்திவிட்டார்.

அந்த நிறுத்தம் போதுமாயிருந்தது. இத்தனை காலம் யாருடைய பொய் என்று தேடிக்கொண்டிருந்தாளே, அது கிடைத்துவிட்டது. கடற்கரையில் மீன் தின்று திரிகிறவர்களை அளந்து போட்ட கோடு. அந்தக் கோட்டை மேகத்துக்குள் கொண்டுவந்து மாட்டி, அவள் தங்கையை அதன்கீழே நிறுத்தி, நீ நடிக்கிறாய் என்றார்கள். சண்முகவடிவு மயில்வாகனத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அட்டையப் பாத்தீங்க. அவ மூஞ்சியப் பாத்தீங்களாய்யா? ஒரு தடவை? உதடு வெளுத்து வாசல்ல வந்து நின்னாளே, அவ மூஞ்சியப் பாத்தீங்களா?"

"எனக்கு மேலையிருந்து தந்ததுதான் அது," என்றார் அவர். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "அதிலை இருந்ததைத்தான் சொன்னனான். மலைக்கு வேறை கணக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"ரெண்டாந் தடவை குத்திப் பாக்கச் சொன்னேனே, அதைச் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல?"

அவள் எதையும் உடைக்கவில்லை. திரும்பி நடந்தாள்.

அன்று சாயங்காலம் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்களிடம் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பதை அவர்கள் பிறகு பல காலம் சொல்லிக் காட்டுவார்கள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "நம்மளை எல்லாம் கொழும்புக்காரி கணக்குல வச்சு அளந்துருக்கானுங்கடி!" என்று தொடங்கினாளாம். மூச்சு வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். முதலில் ஒருத்தியும் பேசவில்லை. கள்ள வருத்தக்காரி என்ற பேருக்கு எல்லோருக்கும் பயம். பிறகு ஒருத்தி, இன்னொருத்தி. கடைசியில் பார்த்தால், மூச்சு வாங்கவில்லை என்று சொல்லத்தான் ஆள் குறைவாக இருந்தது.

எல்லோருடைய ரத்தத்தையும் லேடி டாக்டர் அட்டையில்லாமல் ஆஸ்பத்திரிக் கருவியில் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். டாக்டரும் கேட்டார். வேலை நேரத்தில் ஆட்களை விட முடியாது என்று துரை மறுத்துவிட்டான்.

அது கொழுந்து மண்டிக் கிடந்த மாதம். மறுநாள் பெரட்டுக் களத்தில் மூக்கன் கங்காணி பேர் கூப்பிட்டபோது, பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பனி ஈரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருத்தியும் அசையவில்லை.

"எந்திரிங்க! துரை வந்தா பேர் கிழிஞ்சுரும்!"

"கிழிங்க," என்றாள் சண்முகவடிவு. "முன்னாடி எந் தங்கச்சிக்கு ஒரு பேரு வச்சீங்கள்ல கங்காணி? கள்ள வருத்தம். அதை இன்னிக்கு எங்க எல்லாருக்கும் வைங்க. நாங்க எல்லாரும் கள்ள வருத்தக்காரிங்க. மலைக்கு நீங்க ஏறிக் கொழுந்து எடுங்க."

ஜீப்பில் துரை வந்து இறங்கினான். தோட்டத்துத் தமிழில், "என்னா சங்கதி? என்னா வேணும்?" என்று அதட்டினான். தொழிற்சங்கத்துத் தலைவர் பேச வாயெடுத்தார். சண்முகவடிவு அவரை விடவில்லை.

"எங்க ரத்தத்தை ஒழுங்காப் பாக்கணும் துரை. எங்களை மட்டுமில்ல. நல்லா இருக்கிறவங்களையும் பாக்கணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. ஸ்டோர் ஐயா, கிளாக்கர் ஐயா, பங்களா ஆளுங்க, நீங்க. இதே மலையில நல்லாச் சாப்பிட்டு இருக்கிறவங்களுக்கு எவ்வளவு இருக்கோ, அதுதான் எங்களுக்கும் கோடு."

துரைக்கு முகம் சிவந்தது. ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனான். பெண்கள் மறுநாளும் உட்கார்ந்தார்கள். கொழுந்து முற்றத் தொடங்கியது. ஸ்டோரில் இயந்திரம் வெறுமனே நின்றது. அதற்குமேல் துரையால் பொறுக்க முடியவில்லை. டாக்டரை வரச் சொல்லி ஆள் அனுப்பினான்.

பரிமளம் டாக்டர் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் வைத்த பெட்டியோடு வந்தார். இருட்டறை வேண்டாம் என்று, வெயில் வந்த நேரமாகப் பார்த்து மேசையைக் களத்துக்கே கொண்டுவரச் சொன்னார். கிளாக்கர், டிரைவர், ஸ்டோர் ஐயாவின் மனைவி, பங்களாச் சமையல்காரன் எல்லோரும் விரலை நீட்டினார்கள். துரைக்கு உதவியாக இருந்த சின்னத்துரைகூடச் சிரித்துக்கொண்டே நீட்டினான். பெரிய துரை வரவில்லை. நோயில்லாமல் நன்றாகச் சாப்பிட்டு அந்த மலையில் இருந்தவர்களுக்கு, பெண்களுக்கே, நூறை ஒட்டி வந்தது. ஆண்களுக்கு அதற்கும் மேலே. கொழுந்துக்காரிகளில் பெரும்பாலானவர்கள் எண்பதிலும் அதற்குக் கீழேயும் கிடந்தார்கள். சண்முகவடிவுக்கு எழுபதுகூட வரவில்லை.

டாக்டர் பழைய கோட்டின்மேல் காகிதம் ஒட்டி, மேலே புதுக்கோடு போட்டார். அதற்குக் கீழே வருகிறவளுக்கு லேசு வேலை, இரும்பு மாத்திரை, பூச்சி மருந்து என்று ஏற்பாடாயிற்று. லயத்துக்குக் கக்கூசு கட்ட வேண்டும், வெறுங்காலோடு மண்ணில் நடப்பதால்தான் புழு ஏறுகிறது என்றும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். மாத்திரை வந்தது. கக்கூசு பாதி கட்டியதோடு நின்றது.

சண்முகவடிவு மாத்திரையை முழுங்கினாள். வயிற்றைப் புரட்டியது, வாயெல்லாம் துரு வாசம். விடாமல் முழுங்கினாள். மயில்வாகனத்தின் கையிலிருந்து மட்டும் வாங்க மாட்டாள். மேசையில் வைக்கச் சொல்லி, அவர் கையை எடுத்த பிறகு எடுப்பாள். அவர் ஒரு நாள், "சண்முகவடிவு, நான் செய்தது..." என்று தொடங்கினார். "அதை எங்கிட்ட சொல்லாதீங்க. கேக்க வேண்டியவ உசுரோட இல்ல," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவர் அதற்குப் பிறகு விரலைக் குத்துமுன் ஒவ்வொருத்தியின் இமையையும் இழுத்துப் பார்க்கத் தொடங்கினார் என்று சொன்னார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் மனம் இளகவில்லை.

லேசு வேலையில் மாதங்கள் போயின. ஒரு காலையில் மறுபடி கொழுந்துக் கூடையோடு உச்சி மலைக்கு ஏறினாள். வழக்கமாக நிற்கிற பாறையில் நிற்கவில்லை. அடுத்த திருப்பத்திலும் நிற்கவில்லை. மேலே போய்த்தான், தான் எங்கும் நிற்காமல் வந்திருப்பதைக் கண்டாள். நெஞ்சு லேசாக இருந்தது. கால் தன்பாட்டில் நடந்தது. கீழே மேகம் கிழிந்து தண்டவாளம் தெரிந்தது.

பக்கத்து நிறையில் நின்ற பெண் பார்க்க, சண்முகவடிவு கூடையைக் கழற்றி எறிந்தாள். "இப்படியாடி இருக்கும்?" என்று கத்தினாள். "மத்தவங்களுக்கெல்லாம் இப்படித்தானா இருந்துச்சு? இதைக் குடுக்காமதான எந் தங்கச்சிய ஏறு ஏறுன்னானுங்க! ஒரு மாத்திரைடி! ஒரு கறுப்பு மாத்திரை!" தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உடம்பு தேறத் தேற அவள் கோபம் குறையவில்லை. பலமில்லாத காலத்தில் கத்திவிட்டுச் சோர்ந்து உட்காருவாள். இப்போது கத்திவிட்டு நடக்கவும் முடிந்தது.

அவள் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகலெட்சுமியை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டங்களுக்குப் போவாள். பீலிக்கரையில் நின்று பெண்களின் நகத்தைப் பார்க்கச் சொல்வாள். உங்கள் மருந்துக் காம்பராவில் கோடு எங்கே இருக்கிறது என்று கேட்பாள். சில தோட்டங்களில் கங்காணிமார் விரட்டினார்கள். பட்டிப்பொலப் பக்கத்தில் இரண்டொரு தோட்டங்கள் டாக்டரைக் கூப்பிட்டன. மற்றவை கூப்பிடவில்லை.

லிந்துலையில் சங்கத்துக் கூட்டம் நடந்தபோது செல்லசாமியையும் இழுத்துக்கொண்டு போனாள். மேடையில் பிரஜாவுரிமை, சம்பளம், இந்தியாவுக்கு அனுப்புகிற பேச்சு என்று பெரிய விஷயங்கள் ஓடின. வெகு நேரம் கழித்து அவளைப் பேச விட்டார்கள். மைக்குக்கு முன்னால் நின்று என்ன பேசுவதென்று தெரியாமல் முதலில் மைக்கைத் திட்டினாள். கூட்டம் சிரித்தது.

"சிரிங்க," என்றாள். "நீங்க இந்த நாட்டு ஆளான்னு கேக்குறானுங்க, இல்லன்னு எழுதுறானுங்க. கொழும்புக்காரனுக்கு உள்ள ஓட்டு நமக்கு இல்ல, கொழும்புக்காரனுக்கு உள்ள சோறு நமக்கு இல்ல. ரத்தம் பாக்குறப்ப மட்டும் நாம எல்லாரும் கொழும்புக்காரங்களாம்! எந் தங்கச்சிய அந்தக் கணக்குலதான் கொன்னானுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த பெண்கள் சிலர் தங்கள் கைவிரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். சங்கத்தார் அவள் கேட்டதைத் தீர்மானங்களில் கடைசியாகச் சேர்த்தார்கள். அதனால் சில இடங்களில் பலன் இருந்தது. பல இடங்களில் ஒன்றுமில்லை. பரிமளம் டாக்டர் அடுத்த வருஷமே மாற்றலாகிக் கீழே போய்விட்டார். போகுமுன் சண்முகவடிவைக் கூப்பிட்டு, "என்ன, இன்னும் கோவமோ?" என்று கேட்டார். "ஆமாங்க," என்றாள். "நல்லது," என்றார் டாக்டர்.

கூதமலை மேல் டிவிசனில் அதற்குப் பிறகு பிரசவங்கள் எத்தனையோ நடந்தன. வலி கண்ட வீட்டு வாசலில் கூப்பிடாமலே சண்முகவடிவு வந்து நிற்பாள். மருத்துவச்சியைத் திட்டுவாள், புருஷன்காரனைத் திட்டுவாள், லொறி முன்கூட்டியே வந்து நிற்க வேண்டும் என்று டிரைவரோடு மல்லுக்கட்டுவாள். பிள்ளை பெற்றவள் எழுந்து உட்கார்ந்து காயத்தண்ணி குடிக்கிற வரைக்கும் வாசலை விட்டு அசைய மாட்டாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, இந்தப் பனிக்கு ஒரு முடிவே இல்லையா என்று திட்டிக்கொண்டே லயத்துப் படியில் ஏறி வீட்டுக்குப் போவாள்.